தீஸன் மீள்வு

இதனால் உலகத்தாருக்கு அறிவிப்பது என்னவென்றால்: லேசர் ஒளியால் மூலக்கூறிலிருந்து பிடுங்கப்பட்ட எலெக்ட்ரான் ஒன்று, இயற்பியல் அனுமதித்த நேரமெல்லாம் கடந்த பிறகு, நிதானமாக வீடு திரும்பியிருக்கிறது. திரும்பிய இடம், வட ஜெர்மனியில் எங்கள் ஆய்வுக்குழுவின் கணினி.

பிடுங்கப்பட்ட எலெக்ட்ரான் சட்டென்று திரும்பி வந்து மோதி ஒளி வீசும் என்பது ஊரறிந்த சங்கதி. இது தாமதமாக வந்தது. பேராசிரியர் தீஸன் அதற்கு 'தீஸன் மீள்வு' என்று பெயர் வைத்தார். அடக்கம் கருதி முதற்பெயரைச் சேர்க்கவில்லை. பத்திரிகைகளுக்கான செய்தியும் தயாரானது.

கணக்கைப் போட்டவள் வீப்கெ யான்ஸன். அவளுடைய முனைவர் பட்டமே இந்த மீள்வை நம்பித்தான் நின்றது. பட்டம் வாங்குகிறவர் தலையில் வைக்க, சகாக்கள் அட்டையில் தொப்பி செய்வது எங்கள் வழக்கம். நான் முந்திக்கொண்டு செய்து, உச்சியில் கம்பிச்சுருள் நட்டு, ஒரு பிங்பாங் பந்தை எலெக்ட்ரானாக ஆடவிட்டிருந்தேன்.

கணினிக்குள் அண்டவெளி கிடையாது, ஒரு பெட்டிதான் உண்டு. ஓரம்வரை ஓடிவரும் எலெக்ட்ரானை விழுங்கிவிட, சுவரையொட்டி ஒரு பட்டை வைப்போம். பட்டை சரியாக விழுங்காவிட்டால் எலெக்ட்ரான் சுவரில் பட்டுத் திரும்பும். செய்தி வெளியாகும் முன் வீப்கெ, மனசு கேட்காமல், பெட்டியை இரண்டு மடங்காக்கிக் கணக்கை மறுபடி ஓட்டிப்பார்த்தாள். தாமதமும் இரண்டு மடங்கானது.

இரண்டு வரைபடங்களையும் காபி வேளையில் ஆப்பிள் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். பேராசிரியர் நெடுநேரம் கேக்கையே பார்த்தார். பிறகு, பெரிய பெட்டியில் இன்னும் ஆழமான விளைவு ஏதோ ஒளிந்திருக்கலாம் என்றார்.

"ஒரு சந்தேகம், ப்ரொஃபஸர். நம்ம பெட்டி எவ்வளவு பெருசுன்னு அந்த மூலக்கூறுக்கு யாரு போய்ச் சொன்னது?" என்றாள் வீப்கெ.

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"பழைய பெட்டியே இருக்கட்டும், ஃப்ராவ் யான்ஸன். உங்க பட்டத்துக்காகத்தான் சொல்றேன்."

"அந்த அத்தியாயத்தையே எடுத்துடறேன். தேர்வுக் குழு முன்னாடி நிக்கப்போறது நான்தானே."

எடுத்தாள். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. செய்தி வெளியாகவில்லை. தொப்பி என் அலமாரிமேல் காத்திருக்கிறது. யாராவது கதவை அறைந்து சாத்தினால் பந்து ஆடும். தீஸன் இப்போது மாநாடுகளில், எல்லை என்றால் என்ன என்ற அடிப்படைக் கேள்வியைத் தம் குழு எழுப்பியிருப்பதாகச் சொல்கிறார்.

எலெக்ட்ரான் சுவரில் முட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.