அவள் பேருக்கு ஒரு பிடி

...இடமில்லை, இடமில்லை என்று மறுபடியும் சிவப்புக் கோட்டைக் காட்டுகிறது இந்த லேப்டொப், சி டிரைவ் நிறைந்துவிட்டதாம், ஏதோ கிருஷாந்திதான் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து அடைத்த மாதிரி... அடைத்தது யார், அவள்தானே, மூன்று மாதமாக இந்த ஸ்டூடியோவில் கல்யாண வீடியோவும் சடங்கு வீடியோவும் வெட்டி ஒட்டியது வேறு யார்? ஒவ்வொன்றுக்கும் அந்த சாஃப்ட்வேர் தன் பாட்டுக்கு டெம்ப் ஃபைல் போட்டுக் குவித்துக்கொண்டே போனது, அழிக்கட்டுமா என்று கேட்டபோதெல்லாம் முதலாளி மக்பூல் நானா, "ஈக்கட்டும் புள்ள, கஸ்டமர் திருத்தம் கேட்டா என்ன செய்ற?" என்று தடுத்தார், சரி, பழியை அவர் தலையில் கட்டிவிடலாம், ஆனால் சாவு வீட்டுக்குக் கிளம்பிய அன்று காலையில் இந்தச் சிவப்பைப் பார்த்தது நானாவா? பார்த்துவிட்டு, வந்து பார்த்துக்கலாம் என்று மூடிப் பையில் வைத்தது நானாவா? இப்போது உட்கார்ந்து துடைக்கிறாள், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கந்தப்பளைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சிக்னல் சுத்தமாகக் கிடையாது, அதனால்தான் நேரலை வேண்டாம், கெமராவை லேப்டொப்பில் செருகிப் பதிவு செய்து அனுப்புகிறேன் என்று ஒத்துக்கொண்டாள். பார்க்க வேண்டியவள் ஒருத்திதான். செத்துப்போன வீரய்யாவின் மகள் ஜீவராணி, குவைத்தில் வீட்டு வேலை, அந்த வீட்டு மேடம் வரவிடவில்லை. பெட்டியும் பந்தலும் தப்பு மேளக்காரர்களும் அவள் அனுப்பிய காசில்தான், அவள் கேட்டதோ ஒன்றே ஒன்று: "தங்கச்சி, அப்பாவுக்கு வாய்க்கரிசி போடுறப்ப எம்பேரச் சொல்லி ஒரு பிடி போடச் சொல்லி தம்பி நிரஞ்சங்கிட்ட சொல்லியிருக்கேன். அத மட்டும் நல்லா எடுங்க, மத்தது எப்புடி இருந்தாலும் பரவால்ல." அதை மட்டும்... அதுதான் இல்லை. நாற்பத்தோராவது நிமிடத்தில் வீடியோ நின்றுவிட்டது, வாய்க்கரிசிக்கு முன்னால். இவள் அப்போது எங்கே இருந்தாள்? கெமராவை ஸ்டாண்டில் ஓடவிட்டுவிட்டு லயத்துக் கோடியில் யாரோ கொடுத்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள், வெட்கமில்லாமல், இஞ்சி போட்டிருக்கிறார்கள் என்றுகூட நினைத்தாள்.

பத்து நாள். நெட் ஸ்லோ அக்கா, கரன்ட் இல்ல அக்கா, நானா வெளிய போயிருக்காரு அக்கா... பொய் சொல்வதற்கும் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமைதான் அங்கே மேடம் போனைக் கையில் தருவாளாம். நானாவும் ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் நாளைக் கல்யாணத்துக்கு லேப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வலப்பனைக்குப் போய்விடுவார், அதற்குள் காலியாக இருக்க வேண்டும். அழிக்கிறாள். மூன்று ஜிபி, ஏழு ஜிபி, பெயர் கிடையாது, வெறும் எண்கள், எந்த மாப்பிள்ளையோ எந்தப் பெண்ணோ, போகட்டும்... அப்புறம் ஒன்று, பதினொரு ஜிபி, சாவு வீட்டுத் தேதி, பிற்பகல் மூன்று இருபது. கை நின்றுவிட்டது. பதிவு நிற்கவில்லையா? மிச்சம் இங்கே வந்து விழுந்து, முழுசாகச் சேர்க்க இடமில்லாமல் கிடந்திருக்கிறதா, பத்து நாளும், தன் மூக்குக்கு அடியிலேயே? மாரியம்மா, உனக்குக் கற்பூரம் கொளுத்துகிறேன்.

திறந்தது. படம் உடைந்து உடைந்து வருகிறது, குரல் தெளிவாக இருக்கிறது. தப்பு ஓய்கிறது, நிரஞ்சன் குனிகிறான், ஒரு பிடி. "பெரியப்பா பேருக்கு ஒண்ணு போடுப்பா" என்கிறது ஒரு குரல், போடுகிறான். "கொழும்பு மாமா வரல, அவரு பேருக்கு?" போடுகிறான். அடுத்தது ஜீவராணிதான், இப்போது சொல்வான், இதோ... துணியை இழுத்து முகத்தை மூடுகிறார்கள். மூடியை வைக்கிறார்கள். திருப்பிப் போட்டாள், மூன்று தடவை. பெரியப்பா இருக்கிறார், கொழும்பு மாமா இருக்கிறார், அந்தப் பெட்டிக்கே காசு அனுப்பியவள் இல்லை. மறந்திருப்பான், அழுதுகொண்டு நின்றவன்தானே, மனசுக்குள் சொல்லியிருப்பானோ? இல்லை, அங்கே நின்ற அத்தனை பேரில் ஒருத்தருக்குமா ஞாபகம் வரவில்லை? தூ, என்ன சனங்கள்... பிளேன்டீ குடித்த வாயால் யாரைத் திட்டுவது?

போன் முனகியது. ஜீவராணியின் குரல் பதிவு, கிசுகிசுப்பாக, "தங்கச்சி, மேடம் தூங்குறாங்க. இன்னைக்காவது அனுப்புவீங்களா? எம்பேரு சொன்னாங்கதானே? அத மட்டும் சொல்லுங்க." அழித்துவிட்டால் என்ன? நிரந்தரமாக அழிக்கவா என்று லேப்டொப்பே கேட்கிறது, ஆம் என்றால் இடமும் கிடைக்கும், அவள் நெஞ்சும் தப்பும், சொல்லியிருப்பான் தம்பி, பதிவாகவில்லை, அவ்வளவுதான் என்று ஆயுசுக்கும் நினைத்துக்கொள்வாள். வெளியே செருப்புச் சத்தங்கள், ஜும்மா முடிந்துவிட்டது போல. கிருஷாந்தி தட்டினாள்: மன்னிச்சிருங்க அக்கா, டிரைவ் நெறஞ்சி பாதியிலயே நின்னுபோச்சு, என் தப்புதான். அனுப்பியும் விட்டாள். பத்து நாளாகத் தொண்டையைத் தாண்டாத வார்த்தை, என் தப்பு... அது உண்மையாக இருந்த வரைக்கும் வாயில் வரவில்லை, இன்றைக்குப் பொய்யானதும் எவ்வளவு லேசாக வந்துவிட்டது. அவள் படித்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. ஆம், இல்லை என்று கேட்டபடி பதினொரு ஜிபியும் இன்னும் அப்படியே இருந்தது.