சோரோல் வீட்டுக் கூரைமேல் நின்ற வெளிச்சம்

முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு மலைமேல் வானாய்வுக் கூடம் இருக்கிற எங்கள் ஹான்லே பக்கம் கிடைத்த உத்தியோகம், இருட்டுக்குக் காவல். எந்த ஜன்னலில் விளக்கு கசிந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. ஒருமுறை ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒருவன் பீடி பற்றவைத்ததைப் பிடித்தேன். அது என்ன பீடி என்றும் சொன்னேன்.

வருகிறவர்களுக்கு நட்சத்திரம் காட்ட, ஊர்க் கமிட்டி சிலரிடம் தொலைநோக்கி கொடுத்திருக்கிறது. வீட்டு வெளிச்சம் மூன்று முறை வெளியே கசிந்தால் திரும்ப வாங்கிவிடுவோம். மேற்குக் கடைசி வீட்டு சோரோலுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை, இரண்டும் என் உபயம். புருஷன் போன பிறகு அந்தத் தொலைநோக்கிதான் அவளுக்குப் பிழைப்பு.

போன மார்ச்சில் நிலா இல்லாத ஒரு நாள். கொட்டாவி விட்டால் உறைந்து காலில் விழுகிற குளிர். சூரியன் இறங்கியதும் இருட்டிவிடும் என்று பட்டணத்துக்காரர்கள்தான் நினைப்பார்கள். முதல் அந்தியில் செய்தித்தாள் படிக்கலாம். இரண்டாவதில் மலையின் விளிம்பு மட்டும் தெரியும். மூன்றாவதும் வடிந்து முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். அசல் இருட்டு அதற்கப்புறம்தான். அன்று அதுவும் தாண்டிய பிறகு, சோரோல் கூரைமேல் கூடாரம் மாதிரி வெளுப்பாக ஓர் ஒளி நின்றது.

துண்டுப் என்கிற எங்கள் ஊர்த்தலைவரை இழுத்துக்கொண்டு போனேன். கறுப்புத் திரை ஒழுங்காகத்தான் தொங்கியது. விளக்கை அணைக்கச் சொன்னேன், அணைத்தாள். அடுப்பில் எரிந்த வறட்டியைச் சாம்பலால் மூடச் சொன்னேன், மூடினாள். வெளியே வந்து பார்த்தால் ஒளி அப்படியே இருந்தது. நான் கூரையேற ஏணி கேட்டேன். துண்டுப், பாவம், அவள் முகத்தைப் பார்க்காமல் தொலைநோக்கியின் காலை மடக்கத் தொடங்கினார்.

"அதை அப்புறம் மடக்கலாம். வீட்டைத் தாண்டி வாங்க, மாமா," என்றாள் சோரோல்.

தொலைநோக்கியைத் துண்டுப் தூக்கிக்கொள்ள, தாண்டினோம். வீடு முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. ஒளியோ முன்னால், கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை நோக்கிச் சாய்ந்து நின்றது.

"இதுவும் என் வீட்டு விளக்கா?"

மலைக்கு அந்தப் பக்கம் ஏதாவது லாரி நிற்கும் என்றேன்.

"அப்ப உக்காருங்க. விளக்குன்னா வச்ச எடத்துல நிக்கும். இது நிக்குதான்னு பாப்போம்."

உட்கார்ந்தோம். என் மூக்கு மூன்று முறை உறைந்து மூன்று முறை உருகியது. கார்த்திகை இறங்க இறங்க, ஒளியும் கூடவே மலைக்குப் பின்னால் இறங்கியது.

"அந்த ரெண்டு எச்சரிக்கையும் எப்ப குடுத்தீங்க?"

போன வருஷம் பிப்ரவரி, மார்ச். நிலா இல்லாத நாள். இதே மேற்கு. ஒவ்வொன்றாக நானே சொன்னேன்.

"வானத்துக்கே நோட்டீஸ் குடுத்த மொத ஆளு நீதான்யா," என்றார் துண்டுப், மடக்கிய காலை விரித்து வைத்தபடி.

மறுநாள் வானாய்வுக் கூடத்து விஞ்ஞானியிடம் கேட்டோம். கிரகங்களுக்கு நடுவே மிதக்கும் தூசியில் வெயில் பட்டுத் தெரிகிற ஒளியாம். சுத்தமான இருட்டு உள்ள ஊரில்தான் அவ்வளவு நன்றாகத் தெரியுமாம்.

நானே நோட்டுப் புத்தகத்தோடு போய் இரண்டு எச்சரிக்கையையும் அவள் கண்ணெதிரே கோடு போட்டு அடித்தேன். உட்காரச் சொல்லி வெண்ணெய்த் தேநீர் கொடுத்தாள். எங்கள் ஊர்த் தேநீருக்கு உப்புதான்; அன்று ஒரு மூட்டையாவது போட்டிருப்பாள். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, இன்னொரு கோப்பை கேட்டேன்.