அரிசிச் சாக்கில் ஜிப்பா

துணி கட்டுவதற்கு நெய்னா முகம்மது தன் அரிசி மண்டியிலிருந்து வெறும் சாக்குகளை அனுப்பி வைத்திருந்தார். மகளுக்கு நாலு அட்டைப்பெட்டி வாங்கித் தரக்கூட அவருக்கு மனம் வரவில்லை. சாஜிதா சாக்குகளை வாசலில் போட்டு உதறு உதறென்று உதறினாள், தவிடு போனபாடில்லை. காலையிலிருந்து மடித்து வைக்கிற ஒவ்வொரு துணியிலும் அது ஒட்டிக்கொண்டது. முழங்கை வரை அரிப்பு. பெற்ற வாப்பாவே வீட்டைவிட்டு அனுப்புகிறார், அதையும் சாக்கில் கட்டி அனுப்புகிறார் என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாகப்பட்டினத்தை ஒட்டிய அந்தக் கடலோர ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானதும் மாப்பிள்ளை தன் துணிமணிகளை ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிவந்துவிடுவான். வீடு இல்லாத பெண்ணுக்குச் சம்பந்தம் பேச யாரும் வாசல் ஏறமாட்டார்கள். சாஜிதாவின் நிக்காஹ்வுக்கு முன்பே நெய்னா முகம்மது இந்த வீட்டை அவள் பேருக்கு எழுதி வைத்துவிட்டார். ஊரே பிரியாணி சாப்பிட்டுக்கொண்டு அவர் தாராளத்தைப் பேசியது. அதன் பிறகும் அவரும் உம்மா கமருன்னிஸாவும் தங்கை ஷமீராவும் அதே வீட்டில் உள்ளறையில் இருந்தார்கள். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சாஜிதா ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது.

ஷமீராவுக்குச் சிங்கப்பூர் எஞ்சினியர் மாப்பிள்ளை அமைந்திருந்தான். அவளுக்கென்று கட்டுகிற வீடு இன்னும் தளம் போடாமல் கம்பியும் மூங்கிலுமாக நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கோ பொறுமையில்லை. நெய்னா முகம்மதுவுக்குக் கண்ணில் பட்டது மூத்த மகளின் முன்னறை. ஒரே ஒரு வருஷம் வாடகை வீட்டில் இருங்கள், புது மாப்பிள்ளை இங்கே இருக்கட்டும், தளம் போட்டு முடிந்ததும் திரும்பிவிடலாம் என்றார்.

சாஜிதாவின் புருஷன் ஃபாஜில் மஸ்கட்டில் சம்பாதித்துக்கொண்டிருந்தபோது இப்படி ஒரு வார்த்தை அவர் வாயில் வந்திருக்குமா? அப்போதெல்லாம் மாப்பிள்ளை லீவில் வந்தால் வஞ்சிரம் வாங்க அவரே விடியலில் ஹார்பருக்குப் போவார். கம்பெனி மூடிப்போய் ஃபாஜில் ஊர் திரும்பி, பஜாரில் ஒரு செல்போன் கடையில் வேலைக்கு நின்றதும் வஞ்சிரம் மத்தியாகி, மத்தியும் நின்றுபோனது. இளைத்தவனைக் கண்டால் எல்லாருக்கும் இளக்காரம்.

வாடகை வீட்டை வாப்பாவே வாய்க்கால் கரைத் தெருவில் பார்த்திருந்தார். சாஜிதா போய்ப் பார்த்தபோது சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரக்கறை படிந்திருந்தது. ஐப்பசி மழைக்கு வாய்க்கால் தண்ணீர் படியேறி உள்ளே வருகிற தெரு. அவள் மகள் ஷிஃபாவுக்கு இளைப்பு; கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், பிள்ளை மூச்சுக்கு அல்லாடும். அதைச் சொன்னதற்கு வாப்பா சிரித்தார். தெற்கு வாசல், நல்ல காற்று, பள்ளிவாசல் பக்கம், பிள்ளைக்கு உடம்பு தேறிவிடும் என்றார். மண்டிக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் அந்த வீட்டின் பெருமையைப் பாடிக்கொண்டிருந்தார். ஓட்டுக் கேட்டு வருகிறவன்கூட அப்படிப் புளுகமாட்டான். உம்மா தன் பங்குக்கு அழுதாள். தங்கச்சி வாழ்க்கைக்கு நீயே குறுக்கே நிற்கலாமா என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில்தான் சாஜிதா சரி என்று தலையாட்டிவிட்டாள்.

எதிர்த்துப் பேச வேண்டிய ஃபாஜில் எல்லாருக்கும் முன்னால் கட்டி முடித்துவிட்டான். நிக்காஹ் அன்று தோளில் மாலையோடு கொண்டுவந்த அதே பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, சட்டைகளை அடுக்கி, பூட்டியும் வைத்தான். ஏன் இப்படிப் பேசாமல் இருக்கிறீர்கள் என்று சாஜிதா கேட்டதற்கு அவள் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னான்.

"பொட்டியோட வந்தவன். பொட்டியோட போறேன்."

அவளுக்கு வாப்பாமேல் வந்த கோபத்தைவிட இவன்மேல் வந்ததுதான் பெரிது. அந்த ஆத்திரத்தில் கல்யாணப் பட்டுப்புடவையை மடிக்காமலே சாக்கில் திணித்தாள்.

மதியத் தொழுகை முடிந்த நேரத்தில் கமருன்னிஸா அறைக்குள் வந்தாள். பீரோவின் கதவைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"இதக் காலி பண்ணி இங்கயே விட்டுட்டுப் போம்மா. புது மாப்பிள்ளைக்குத் துணி வைக்க எடம் வேணும்ல. ஃபாஜிலுக்கு இருக்கறது நாலு சட்டை, கொடியில போட்டுக்கிட்டா ஆச்சு."

அது சாஜிதாவின் கல்யாணத்துக்கு வந்த பீரோ. அதில் ஒரு பக்கம் அவள் துணி, மறுபக்கம் ஃபாஜில் துணி. அவன் மஸ்கட்டில் இருந்த வருஷங்களிலும் அந்தப் பக்கத்தில் வேறு துணி வைக்க அவள் விட்டதில்லை. உம்மா கெட்டவள் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. ஒன்றும் தவறாகச் சொல்லிவிட்டதாகவே அவளுக்குத் தெரியவில்லை.

சாஜிதா கையிலிருந்த துப்பட்டாவைக் கீழே போட்டாள். இரண்டு வெறும் சாக்குகளை எடுத்துக்கொண்டு நேராக உள்ளறைக்குப் போனாள். வாப்பாவின் அலமாரியைத் திறந்து, கஞ்சி போட்டுத் தேய்த்த ஜும்மா ஜிப்பாக்களை அள்ளிச் சாக்கில் போட்டாள். கைலிகள், பனியன்கள், தொப்பிகள் எல்லாம் போயின. உம்மாவின் புடவைகளை மட்டும் மடிப்புக் கலையாமல் இரண்டாவது சாக்கில் வைத்தாள். என்ன செய்கிறாய், பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கமருன்னிஸா பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள். சாஜிதா கையை விடுவித்துக்கொண்டு சாக்குகளின் வாயைக் கட்டி முடிச்சுப் போட்டாள். இரண்டு சாக்கையும் தரதரவென்று இழுத்துவந்து கூடத்தின் நடுவில் நிறுத்தினாள்.

அந்த நேரம் பார்த்து லோடு வண்டியோடு நெய்னா முகம்மது வந்து சேர்ந்தார். எல்லாம் தயாரா என்று கேட்டுக்கொண்டே நுழைந்தவர், சாக்கின் வாயில் பிதுங்கி நின்ற ஜிப்பாக் கையைப் பார்த்துவிட்டார்.

"என்ன புள்ள இது, என் துணியெல்லாம் இதுல கெடக்கு?"

"அந்த வீட்டுக்கு நீங்களும் உம்மாவும் போங்க வாப்பா. ஒரு வருசந்தான். தெற்கு வாசல், நல்ல காத்து, பள்ளிவாசல் பக்கம். நீங்கதானே சொன்னீங்க."

குரலை அவள் உயர்த்தவில்லை.

அவர் முதலில் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற டிரைவரைப் பார்த்தார். வரும் வழியில் அவனிடமும் அந்த வீட்டின் காற்றைப் பற்றிச் சொல்லியிருப்பார் போலும், அவன் ரொம்ப அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நெய்னா முகம்மதுவின் முகம் கறுத்தது.

"வெளயாடாத. அந்த வீட்டு ஈரம் என் நெஞ்சுக்கு ஆகாதும்மா. மழைக்குத் தண்ணி உள்ள ஏறும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கமருன்னிஸா தலையைக் குனிந்துகொண்டாள். கூடத்தில் ஒரு துணி மூட்டைமேல் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்த ஷிஃபா, எல்லாரும் பேச்சை நிறுத்தியதும் தானும் நிறுத்தினாள்.

"எம் புள்ளைக்கு இருக்கறதும் நெஞ்சுதான் வாப்பா."

சாஜிதா டிரைவர் பக்கம் திரும்பினாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு போகச் சொன்னாள். தளம் போட்ட பிறகு கல்யாணத்தை வைத்துக்கொள்ளட்டும், அதுவரை பொறுக்காத மாப்பிள்ளை நாளைக்கு ஷமீராவை மட்டும் பொறுப்பானா என்று உம்மாவிடம் கேட்டாள். கதவோரம் நின்ற ஷமீரா வந்து அக்காளின் மூட்டைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

ஃபாஜில் பெட்டியைப் பிடித்தபடி வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தான். சாஜிதா அதை அவன் கையிலிருந்து வாங்கினாள், வாங்கினாள் என்பதைவிடப் பிடுங்கினாள். பீரோவைத் திறந்து அவன் சட்டைகளைப் பழைய பக்கத்திலேயே மாட்டினாள். நாலு சட்டையானாலும் அகலம் முழுக்க நிற்கும்படி தள்ளித் தள்ளி மாட்டினாள்.

கூடத்தில் கமருன்னிஸா புருஷனின் சாக்கை அவிழ்க்கக் குனிந்தது அங்கிருந்தே தெரிந்தது.

"விடு உம்மா. வாப்பாவே அவுத்துக்கிடட்டும்."

முடிச்சை சாஜிதா கோபத்தில் போட்டிருந்தாள். அவிழ்க்க நெய்னா முகம்மதுவுக்கு வெகுநேரமானது. அந்தி சாய்ந்து மஃரிப் தொழுகைக்கு அவர் கசங்கிய ஜிப்பாவில் புறப்பட்டார். எத்தனை உதறியும் தவிடு போகவில்லை. தெருக்கோடி வரை கையைச் சொறிந்துகொண்டே போனார்.