கடல்குதிரைக்குப் பிரசவம்

மழலையர் பள்ளிப் பேருந்து மீன் காட்சியகத்தின் வாசலில் வந்து நின்றது. டீச்சரைத் தவிர, பிள்ளைகளுக்குத் துணையாக இறங்கிய பெரியவர்களில் ஆண் என்று சொல்ல ஒருவர்தான் இருந்தார். லிஃப்ட் மெக்கானிக். மற்ற எட்டுப் பேரும் அம்மாக்கள். நர்ஸ் வேலை பார்க்கும் அவர் மனைவிக்குக் கடைசி நேரத்தில் டியூட்டியை மாற்றிவிட்டார்கள். அதனால் மகள் குருவியோடு அவர் வர வேண்டியதாயிற்று.

"என்னண்ணே, அவங்க வரலையா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். மூன்றாவது ஆளுக்குப் பிறகு அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவர் கோணலாகப் பின்னிவிட்டிருந்த குருவியின் சடையை ஒரு அம்மா பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டது அவருக்குச் சுருக்கென்றது. பேசாமல் லீவே போடாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மீன்களுக்குத் தீனி போடும் பெண்தான் சுற்றிக் காட்டினாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், முழங்கைவரை ஈரம். ஒவ்வொரு தொட்டியாக நின்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இது ஆக்டோபஸ். கை எட்டு. உடம்புல ஒரு எலும்புகூடக் கிடையாது. ரத்தம் நீலம். இதயம் மட்டும் மூணு."

"எங்க மாமாவுக்கு இதயமே இல்லன்னு அம்மா சொன்னாங்க" என்றான் ஒரு பொடியன். அவன் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

கடல்குதிரைத் தொட்டிக்கு வந்ததும் அந்தப் பெண் பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். ஒரு கடல்குதிரை வாலால் புல்லைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, உப்பிய வயிற்றோடு முன்னும் பின்னும் வளைந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் சத்தம் போடாம நில்லுங்க கண்ணுங்களா. இதுக்கு இப்போ குட்டி பிறக்கப் போகுது."

"அம்மாவுக்கு வலிக்குமா?" என்று கேட்டாள் குருவி.

"இது அம்மா இல்லம்மா, அப்பா. அம்மா முட்டையை இவர் வயித்துப் பையில போட்டுட்டுப் போயிடும். சுமக்கறது, பெத்தெடுக்கறது எல்லாம் இவர் பாடு."

எட்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கடல்குதிரை ஒரு முறை முக்கியது. பையின் வாய் திறந்து, புகை கிளம்பினாற்போல் ஒரு கூட்டம் வெளியே சிதறியது. சீரகத்தைவிடச் சற்றே பெரிய உருவங்கள். ஒவ்வொன்றுக்கும் குதிரை முகம், சுருண்ட வால், நிமிர்ந்த முதுகு; ஒன்றிலும் ஒரு குறை இல்லை. மறுபடி முக்கியது, மறுபடி ஒரு கூட்டம்.

"ஐயோ, பம்ப் இழுக்குதே" என்றாள் அந்தப் பெண். குட்டிகள் மூலையில் பம்ப் தண்ணீரை உறிஞ்சும் வலைப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன. "பின்னாடி ஸ்விட்ச் உடைஞ்சு கிடக்கு. எனக்கு அது மசியாது."

மெக்கானிக் அதற்குள் தொட்டிக்குப் பின்னால் போகும் கதவைத் தாண்டிவிட்டார். ஸ்விட்சின் பிடி போய்விட்டிருந்தது. சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் நெம்பி அழுத்தினார். பம்பின் உறுமல் நின்றது. வலையை ஒட்டிப் போன குட்டிகள் தயங்கி, ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு மேலே மிதந்தன.

அவர் திரும்பி வந்தபோது அம்மாக்கள் விலகி நடுவில் இடம் விட்டார்கள்.

"இனிமே அப்பா இதுங்களைப் பார்த்துப்பாரா?" என்றாள் குருவி.

"இல்லம்மா. அவர் வேலை இத்தோட முடிஞ்சுது. பிறந்த உடனே அதுங்களே இரை தேடிக்கும்."

"அப்போ யாரு குளிப்பாட்டுவா?"

"தண்ணியிலேயே இருக்கறதுக்குத் தனியாக் குளியல் எதுக்கு?"

குருவிக்கு அது நியாயமாகப் பட்டது.

பொடியனின் அம்மா மெல்ல வந்தாள். "அண்ணே, இவனைக் கொஞ்சம் தூக்கிக்கறீங்களா? நானும் கிட்டப் போய்ப் பார்க்கறேன்."

அவர் பொடியனைத் தோளில் ஏற்றிக்கொண்டார். வயிறு வற்றிய கடல்குதிரை இன்னும் புல்லை விடவில்லை. அதன் ஒரு கண் குட்டிகள் பக்கமும் இன்னொரு கண் இவர்கள் பக்கமும் தனித்தனியாகத் திரும்பின. இத்தனை சின்ன உடம்பு, இத்தனை பேரை எப்படித் தாங்கியது என்று அவருக்கு மலைப்பாக இருந்தது. கிளம்பலாம் என்று டீச்சர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் அவர் காதில் விழுந்தது.