கடுகிலும் சிறிய சங்கு

மாடியிலிருந்து மணல் மூட்டையைப் படிப்படியாக இழுத்து வந்த அருண்பாண்டி, அதைச் சந்தில் சாய்த்துப் பாதி கொட்டிய பிறகுதான் பாண்டிமீனா பார்த்தாள்.

விடியற்காலையில் பெய்த மழையில் கோச்சடைச் சந்து முழுக்கச் சேறு. பாடை தூக்குகிறவர்கள் வழுக்கிவிடக் கூடாதென்று யாரோ மணல் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் வீட்டு மாடியில் மூட்டை கிடப்பது அருண்பாண்டிக்கு நினைவு வந்திருக்கிறது.

ஐஸ் பெட்டியருகே இருந்து எழுந்து வாசலுக்கு வந்தாள். பெட்டிக்குள் அவள் கணவன் சித்தார்த். நேற்று கல்லூரியில் விலங்கியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்தபடி மேசையில் சரிந்தான். அவ்வளவுதான்.

மூட்டையில் இருந்தது மண்டபம் கடற்கரை மணல். கடுகைவிடச் சிறிய ஒரு கடல் நத்தையைத் தேடி அவன் அள்ளி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு கரண்டியாகத் தட்டில் பரப்பி, லென்ஸும் தூரிகையுமாகக் குனிந்திருப்பான். கிடைத்த சங்குகள் இரண்டும் வாய் உடைந்தவை. முழுதாக ஒன்று கிடைத்தால்தான் யாரும் அறியாத இனம் என்று எழுத முடியும். ஒருநாள் அவளையும் லென்ஸில் பார்க்க வைத்தான். வரிவரியாகச் சுழன்று ஏறும் வெள்ளை ஓடு.

"இம்புட்டூண்டுக்குள்ள ஒரு உசுரு இருந்திருக்கு பாரு மீனா."

"இதுல கண்ணு போயிரும் உங்களுக்கு," என்றாள் அவள் அன்று.

இப்போது கொழுந்தன் அவள் முகத்தைப் பார்த்துத் தயங்கினான்.

"வேற மண்ணு கெடைக்கல மதினி. திரும்ப அள்ளிரவா?"

அதற்குள் நாலு பேர் மிதித்து நடந்துவிட்டார்கள். அவள் சந்து முனைவரை கிடந்த சேற்றைப் பார்த்தாள்.

"வேணாம் தம்பி. மிச்சத்தையும் கொட்டுங்க. அவரு விழுந்திரக் கூடாது."

அவன் மூட்டையைக் கவிழ்த்து உதறினான்.

பாடை போகும்போது யாருக்கும் கால் சறுக்கவில்லை. முனைவரை போன பெண்கள் திரும்பினார்கள். மாமியார் சுந்தரம்மாள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக் கனகா குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

"கால கழுவிட்டு உள்ள வாங்க பெரியம்மா."

"இருங்கத்த," என்றாள் பாண்டிமீனா.

கீழே குத்தவைத்து, மாமியாரின் வலது பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பித்தவெடிப்புகளில் ஈர மணல் அப்பியிருந்தது. விரல்நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளங்கையில் தள்ளிப் பார்த்தாள். வெளிச்சம் போதவில்லை. இன்னும் குனிந்தாள்.

"என்னத்தா தேடுற?" என்றாள் மாமியார்.

பாண்டிமீனா உள்ளங்கையை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.

சற்றுப் பொறுத்து, சுந்தரம்மாள் மறுகாலையும் நீட்டினாள்.