பிஸ்கட் அப்பா பதில் போடவில்லை

மார்லிஸுக்குக் காப்பி இறங்கவில்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பிஸ்கட் அப்பாவின் வலைப்பூவில் புதுப் பதிவு வந்திருந்தது. படத்தில் அவருடைய ஆரஞ்சுப் பூனை பிஸ்கட் ஜன்னலோரம் மல்லாந்து கிடந்தது. கீழே பதினோரு பேர் இதயம் போட்டிருந்தார்கள். ஒருத்தருக்காவது அவர் பதில் சொல்ல வேண்டாமா? ஆறு வருஷமாக, வெறும் இதயம் போட்டவருக்குக்கூட நாலு வரி எழுதுகிற மனுஷன், செவ்வாய்க்கிழமையிலிருந்து வாயே திறக்கவில்லை.

"அதான் பதிவு வந்திருக்கே, அப்புறம் என்ன?" என்றார் கணவர் ஆர்வில், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "அந்தாளு நல்லாத்தான் இருக்கான். உனக்குத்தான் வேற வேலை இல்ல."

"உங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஞாயித்துக்கிழமை உக்காந்து வாரத்துக்கும் சேத்து எழுதி, நேரம் குறிச்சு வச்சிடுவாரு. அது பாட்டுக்குத் தினமும் ஏறும். ஆள் இருந்தாலும் ஏறும், இல்லாட்டியும் ஏறும்."

சொன்ன கையோடு காப்பியைத் தள்ளி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

அவருக்கு எந்த முழங்கால் வலிக்கும், மனைவி இறந்தது எந்த வருஷம், எல்லாம் அவளுக்குத் தெரியும். பேர் மட்டும் தெரியாது. பூனைக்காரர்கள் கூட்டத்தில் எல்லோரும் ஏதோ ஒரு பூனைக்கு அம்மா, இல்லை அப்பா. அவள் பட்டன் அம்மா. ஊர், பேர் கேட்பது அங்கே அநாகரிகம். நல்ல நாகரிகம் போங்கள்!

பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒன்றில், பிஸ்கட்டின் காதுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே ஊர்த் தண்ணீர்த் தொட்டி. அதில் பெரிய எழுத்தில் 'டெல்வின்'. தேடினால் வட டகோட்டா என்று வந்தது. அவள் இருக்கும் டுலூத்திலிருந்து காரில் ஆறு மணி நேரம். அவர் ஒன்றும் ஆகாமல் சௌக்கியமாக இருந்து, 'என் ஜன்னலைத் துழாவினாயா' என்று கேட்டுவிட்டால்? அதோடு அந்த உறவும் போச்சு. இருந்தும் அந்த ஊர் ஷெரிப் ஆபீஸுக்குப் போன் போட்டுத் தன் பேரையும் நம்பரையும் சொன்னாள்.

"ஆளோட பேரு?" என்றார் போலீஸ்காரர்.

"தெரியாதுங்க."

"தெரு?"

"தெரியாது. ஜன்னல்ல தண்ணித் தொட்டி தெரியும், இடது பக்கமா."

"நீங்க அவருக்கு என்ன வேணும்மா?"

"அவரு… பிஸ்கட்டோட அப்பா."

அந்தப் பக்கம் சிரிப்பு.

"பூனை சார், ஆரஞ்சுப் பூனை! சிரிக்கிறத அப்புறம் சிரிச்சுக்குங்க. ஒரு எட்டு போய்க் கதவைத் தட்டுங்க. நல்லா இருந்தாருன்னா என்னைத் திட்டட்டும், வாங்கிக்கிறேன்."

"ஊரே நூறு வீடுதான். பாக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு மார்லிஸ் சிங்க்கை நாலு தடவை தேய்த்தாள். பட்டன் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது, காதில் விழவில்லை. கிண்டலை நிறுத்திவிட்ட ஆர்வில் வெளியே கிளம்ப இருந்தவர் கிளம்பாமல் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

பத்தே முக்காலுக்குப் போன் அடித்தது. எடுக்கக் கை வரவில்லை. ஆர்வில்தான் எடுத்து அவள் கையில் திணித்தார்.

அதே குரல், இப்போது சிரிப்பில்லை. "ஹலோ, பட்டன் அம்மாங்களா?"

அவரிடம் அவள் மார்லிஸ் என்றுதான் சொல்லியிருந்தாள். பட்டனைப் பற்றி மூச்சுகூட விடவில்லை. அந்த ஊரில் அந்தப் பேரைச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருத்தர்தான். தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"அம்மா, கேக்குதா? நிலவறைப் படியில விழுந்து இடுப்பு முறிஞ்சிருக்கு. பூனைக்கு வச்சிருந்த தண்ணியக் குடிச்சுக்கிட்டு ரெண்டு நாளாக் கிடந்திருக்காரு. 'யார் உங்களை அனுப்பினது'ன்னு கேட்டாரு, 'உங்க பேரே தெரியாத ஒரு அம்மா'ன்னேன். உடனே உங்க பூனை பேரைச் சொல்லிட்டாரு. லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பிஸ்கட்டுக்கு யாராவது சாப்பாடு வச்சீங்களா?"