சந்தனம் பூசிய பென் டிரைவ்

லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு திருமயத்திலிருந்து பஸ்ஸில் புதுக்கோட்டை வரும்வரை நான் பிடியை விடவே இல்லை. லேப்டாப் போனால் போகட்டும். உள்ளே சண்முகத்தின் முகம் இருந்தது.

ஆவணியில் சண்முகம் மகள் அபிராமியின் கல்யாணத்துக்கு நான்தான் போட்டோ எடுத்தேன். கேமராவைக் கண்டால் பந்தக்காலுக்குப் பின்னால் ஒளிகிற மனுஷன் அவர். ஆதார் அட்டையில் ஒரு படம் உண்டு, அது யாரென்று அவருக்கே அடையாளம் தெரியாது. மகள் கழுத்தில் தாலி ஏறியபோது மட்டும் ஒளிய மறந்து நின்றார். எடுத்துவிட்டேன். புரட்டாசியில் வயலுக்குப் போனவர் மாரடைப்பில் போய்விட்டார். காரியத்தன்று மாலை போட்டு வைக்க அந்தப் படம் வேண்டும் என்று அபிராமி கேட்டாள். அனுப்பி வைக்கிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

அனுப்ப உட்கார்ந்த அன்றுதான் வினை வந்தது. என் லேப்டாப்பின் பேட்டரி சுத்த உதவாக்கரை. சார்ஜர் வயர் கொஞ்சம் விலகினால் அந்த நொடியே அணைந்துவிடும். விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது, அதோடு சரி. நீலத் திரை வந்து நின்றுவிட்டது. கேமரா கார்டை ஏற்கெனவே அழித்து அடுத்த முகூர்த்தம் எடுத்தாயிற்று. கடைக்காரர், "ஃபார்மட் போட்டாத்தாம்மா வரும், உள்ள இருக்கறதெல்லாம் போயிரும்" என்று டீ குடித்துக்கொண்டே சொன்னார். அவருக்கென்ன, போவது அவர் வீட்டுப் பொருளா?

அப்புறம்தான் புதுக்கோட்டையில் விஜயதசமியன்று, விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டுகிற லினக்ஸுக்கு ஒரு முகாம் என்று வாட்ஸ்அப்பில் பார்த்தேன். எதையும் கற்க ஆரம்பிக்க நல்ல நாள் என்று அந்த நாளை வைத்திருந்தார்கள். விண்டோஸைத் திறக்காமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், இலவசம், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும் என்று போட்டிருந்தது. நம்பிக்கையெல்லாம் இல்லை. வேறு வழி இல்லை.

ஒரு டியூஷன் சென்டர் மாடியில் முகாம். நடத்தியவர் கோபிநாத், பாலிடெக்னிக் வாத்தியார். முந்தின நாள் ஆயுத பூஜையில் வைத்த தட்டு அப்படியே மேசை மேல் இருந்தது. பொரி, கடலை, ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், இரண்டு பென் டிரைவ். எல்லாவற்றுக்கும் பொட்டு. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை எடுக்கும்வரை யாரும் தொடுவதில்லை என்பதால் எதையும் சரிபார்க்கவும் இல்லை.

"பச்சை ஸ்டிக்கர் சும்மா பாக்கறதுக்குங்க. உள்ள ஒண்ணையும் தொடாது" என்றார் கோபிநாத். "செவப்பு, பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கற பழைய கம்ப்யூட்டருக்கு. அது ஒரு வார்த்தை கேக்காது. எல்லாத்தையும் தொடைச்சுட்டுப் புதுசா லினக்ஸ் போட்டுரும்."

"எனக்குப் பச்சையே குடுங்க சார். கையெடுத்துக் கும்பிடுறேன்."

"குடுக்குறேன். ஆனா நான் ஒங்க மிஷினைத் தொட மாட்டேன். நீங்கதான் செருகணும், நீங்கதான் அமுக்கணும். கை பட்டாத்தான் பயம் போகும்."

அவர் கொடுத்த பென் டிரைவில் சந்தனம் தடிமனாகக் காய்ந்திருந்தது. ஓரத்தில் தெரிந்த சிவப்பு குங்குமமா ஸ்டிக்கரா என்று எனக்குப் புரியவில்லை. வாத்தியார் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று செருகினேன். அவர் சொன்ன கீயை அமுக்கினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓட ஆரம்பித்தது.

"அப்படித்தான் வரும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போனார். அங்கே ஆவூர் பள்ளிக்கூட வாத்தியார் சார்லஸ் உட்கார்ந்திருந்தார். சென்னைக்குக் குடிபோன ஒரு குடும்பம் பள்ளிக்குக் கொடுத்த கம்ப்யூட்டரை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். தட்டிலிருந்த இன்னொரு பென் டிரைவ் அவரிடம்.

"சார், எனக்கு அழகா படம் வந்திருச்சு" என்றார் சார்லஸ். "மவுஸ் நகருது. பாக்கறீங்களா, போடறீங்களான்னு கேக்குது."

கோபிநாத் குனிந்து அந்தத் திரையைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அது கேக்கக் கூடாதே" என்றார்.

எனக்கு ஒரு கணம் எதுவும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக ஓடியது. கேட்கிற பென் டிரைவ் அவரிடம் இருக்கிறது என்றால், கேட்காதது என்னிடம். என் திரையில் ஒரு நீளக் கோடு நிரம்பிக்கொண்டு வந்தது. மேலே பார்ட்டிஷன் என்று என்னவோ இங்கிலீஷில் எழுதியிருந்தது.

"நிறுத்துங்க! பவர் பட்டனை அமுக்கிப் பிடிங்க!" என்று கத்தினார் கோபிநாத்.

எனக்குப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. சார்ஜர் வயரைப் பிடித்துச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தேன். திரை அணைந்தது. வருஷக்கணக்காக நான் திட்டித் தீர்த்த பேட்டரி, ஒரு நொடிகூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

பென் டிரைவைப் பிடுங்கி நகத்தால் சுரண்டினேன். சந்தனத்துக்கு அடியில் சிவப்பு.

"ஆரம்பிச்சிருக்குமா சார்?"

"தெரியலைங்க. கோடு முழுசா நிரம்பலைன்னா தப்பிச்சிருக்கலாம்." என்றார் கோபிநாத். சார்லஸிடமிருந்து பச்சையை வாங்கிக்கொண்டு வந்து என் லேப்டாப் பக்கம் கையை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றேன். அவ்வளவு கோபம் எனக்கு எங்கிருந்து வந்ததோ. "நாந்தானே தொடணும்னீங்க. இங்கிட்டுக் குடுங்க."

சந்தனத்தை முந்தானையால் துடைத்து, பச்சைதான் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, செருகினேன். வயரைச் சொருகினேன். அந்த வெள்ளை எழுத்து மறுபடி ஓடியபோது என்னால் பார்க்க முடியவில்லை. அபிராமிக்கு என்ன சொல்வேன்? ஒங்க அப்பாவை நானே என் கையால் அழிச்சுட்டேன் தாயி என்றா?

படம் வந்தது. மவுஸ் நகர்ந்தது. கோபிநாத் தள்ளி நின்று சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொன்றாக அமுக்கினேன். என் பழைய டிரைவ் இருந்தது. திறந்தது. முகூர்த்தம் என்ற ஃபோல்டர் இருந்தது. அதைத் தொடுவதற்குத்தான் எனக்கு ரொம்ப நேரம் ஆனது.

சண்முகம் நின்றார். தோளில் துண்டு நழுவியிருந்தது. வாய் லேசாகத் திறந்து, கண் நிறைந்து, மகளைப் பார்த்துக்கொண்டு.

வாய்விட்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே கேமரா கார்டில் ஒரு பிரதி, கோபிநாத்தின் ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி, போனில் ஒரு பிரதி என்று போட்டேன். அபிராமிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் இரண்டு நீல டிக் விழுந்தது. அவளும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"தப்பு என்னோடதும்மா" என்றார் கோபிநாத். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "முகாமை இதோட முடிச்சுக்கலாம்."

அடுத்த மேசையில் சார்லஸ், நான் பிடுங்கிப்போட்ட சிவப்பு பென் டிரைவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். "அப்ப இதுதான் எனக்கு, இல்லையா?"

பச்சையைக் கழற்றிக்கொண்டு எழுந்து அவர் மேசைக்குப் போனேன்.

"அந்த வீட்டுக்காரங்க உள்ள என்ன விட்டுட்டுப் போனாங்கன்னு பாத்தீங்களா சார்?"

"இல்லைம்மா. பழசுதானேன்னு..."

பச்சையை அவர் கையில் வைத்தேன்.

"முதல்ல பாருங்க. நான் தொட மாட்டேன். நீங்களே செருகுங்க."